அம்மாவை நான் பார்த்துக்கொள்கிற விதத்தைச் சொந்தக்காரர்கள் குறை சொல்கிறார்கள். எப்படித் தாங்குகிறீர்கள்?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். வயது 47. வீட்டின் முன்பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை. மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காலை எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத்தான் வருவாள். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவுக்கு 74 வயது. 2021இல் திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார். அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே குழம்பில் உப்பை இரண்டு தடவை போடுவதும், பால்காரருக்குக் கொடுத்த காசை மறுபடி கொடுப்பதுமாக இருந்தாள். வயசாகிவிட்டது என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

அக்கா பெங்களூரில் இருக்கிறாள். அண்ணன் மஸ்கட்டில். அண்ணன் மாதாமாதம் 8,000 ரூபாய் அனுப்புகிறான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டயப்பருக்கும் மாத்திரைக்கும் அந்தப் பணம்தான் கைகொடுக்கிறது.

அம்மாவுக்குப் பிறந்த வீடு கல்லிடைக்குறிச்சி. எங்கள் ஊருக்கும் அதற்கும் நடுவில் தாமிரபரணி மட்டும்தான். பொழுது சாய்ந்தால் போதும், "வீட்டுக்குப் போவணும், எங்கம்மா தேடுவா" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். 2023 கார்த்திகையில் ஒரு நாள், கடையில் ஒருவருக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்த பத்து நிமிடத்தில் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். ஆற்றுப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே நடந்து கொண்டிருந்தவளை, கடைக்கு வரும் பையன் ஒருவன் பார்த்துவிட்டு பைக்கில் வந்து சொன்னான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் காலில் செருப்பு இல்லை. அன்றைக்கு இரண்டு வாசலுக்கும் உள்ளே பூட்டுப் போட்டேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்தான் இருக்கிறது.

போன மாதம் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடை விழா. வீரவநல்லூரிலிருந்து சித்தி வந்திருந்தாள், அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அம்மா அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். காபி குடிச்சியா என்று கேட்டாள், சித்தியின் பேத்தி பெயரைக்கூடச் சொன்னாள். என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிடுகிற அம்மா அவள். அப்புறம் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் எனக்கு மூணு நாளா சோறு போடல தங்கச்சி" என்றாள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் நான்கு இட்லி ஊட்டியிருந்தேன். ஊட்டிய கிண்ணம் இன்னும் கழுவாமல் அங்கேயே கிடந்தது.

பந்தி நடக்கிற இடத்தில், நாற்பது பேருக்கு முன்னால் சித்தி கேட்டாள்: "ஏல, எங்கக்காவைப் பூட்டிப் போட்டுத்தான் வச்சிருக்கியாமே? எலும்பும் தோலுமா ஆயிட்டா. பீத்துணியைக் கட்டி விட்டுட்டு நீ கடையில ஒக்காந்துக்கிடுத. இதுல வேற அவகிட்ட வேலையும் வாங்குதியா?"

அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அம்மா சின்ன வயதிலிருந்தே அப்பளம் தேய்த்தவள். கல்லிடைக்குறிச்சியில் அது வீட்டுக்கு வீடு நடக்கிற தொழில். இப்போது பகலில் சும்மா உட்கார்ந்தால் அவள் கை போர்வையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். உள்ளங்கையால் அழுத்தி, திருப்பி, மறுபடி அழுத்துவாள். தேய்த்துத் தேய்த்து விரல் முட்டியெல்லாம் சிவந்துவிடும். ஒரு நாள் என் மனைவி சப்பாத்தி மாவில் கொஞ்சம் உருட்டி, பலகையும் குழவியும் எடுத்து முன்னால் வைத்தாள். என் பெயர் மறந்துபோன அம்மா இருபது வட்டம் போட்டாள். ஒன்றுக்கொன்று துளி கூட வித்தியாசமில்லை, ஓரம் பிசிறவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அடுக்கினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகணும் என்று அவள் கேட்கவே இல்லை. அதிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்கு மாவு பிசைந்து வைக்கிறோம். சித்தி உள்ளே நுழைந்தபோது பார்த்தது இதைத்தான்.

இதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது. பூட்டுக்கு ஆற்றுப் பாலம். டயப்பருக்கு, அவள் கழிவறையில் வழுக்கி விழுந்து நெற்றியில் போட்ட மூன்று தையல். உடம்பு இளைத்ததற்கு டாக்டர் சொன்ன காரணம். ஆனாலும் அங்கே நான் வாயே திறக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தி கடைசியாகக் கேட்டது, "கையில என்னல இது?"

அம்மாவுக்கு 2018இல் ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். லேசாக எங்கே இடித்தாலும் முன்கையில் கருநீலமாகக் கட்டிக்கொள்ளும். அப்படி நாலைந்து இடத்தில் இருந்தது. ஆனால் சித்தி தொட்டுக் காட்டியது மணிக்கட்டை. கொடைக்கு மூன்று நாள் முன்பு, இரவு இரண்டு மணி. அன்று நாலாவது தடவையாக எழுந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். மகனுக்கு மறுநாள் பரீட்சை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். ஓங்கி இழுத்தேன். அவள் சுவரோடு ஒடுங்கி நின்று, "அடிக்காதிய அண்ணாச்சி, நான் வந்துருதேன்" என்றாள். காலையில் பார்த்தால் என் நான்கு விரலும் பதிந்திருந்தது.

சித்தியிடம், "மாத்திரையால வருது சித்தி" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான். அக்கா, "முடியலன்னா சொல்லு, ஏதாவது ஹோம்ல சேத்துருவோம்" என்கிறாள். அண்ணன் செலவுக்குக் கணக்கு கேட்கிறான். கலெக்டரிடம் மனு கொடுக்கப் போவதாகச் சித்தி சொல்கிறாளாம். என் மனைவி அம்மாவுக்குக் கழுவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே அதைப் படிக்கிறாள், பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

அவர்கள் சொல்வதில் ஒன்பது அபாண்டம், ஒன்று உண்மை. அந்த ஒன்று தொண்டையில் நிற்பதால் மற்ற ஒன்பதுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்படி ஒரு நிலையில் இருந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்?

---

மாடித்தோட்டம் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தக் குழவியை எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அது எந்த டாக்டரும் எழுதித் தராத மருந்து.

நான் கோயம்புத்தூர். மாமியாரை ஆறு வருடம் பார்த்தேன். அவருக்கும் மறதி நோய்தான், கூடவே சர்க்கரை. என் நகையை நான் திருடிவிட்டதாக மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லி, அந்த அம்மா ஒரு வருடம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் நகையை நானே எப்படித் திருடுவேன் என்று அவர்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் செய்தது ஒரே ஒரு காரியம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை மாமியார் கட்டில் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டேன். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, வெளிக்குப் போனாரா, தூங்கினாரா, எங்கே அடிபட்டது, எப்படி அடிபட்டது என்று எல்லாம் அதில் எழுதினேன். அழகாக எழுதவில்லை. "7.20 தோசை 2. பாதி துப்பினார்" என்கிற மாதிரிதான். ஆரம்பித்தது டாக்டருக்காக. ஆனால் நாத்தனார் வந்து உட்கார்ந்து அதைப் புரட்டியபோது, நான் நான்கு வருடமாகச் சொல்லிக் கேட்காதது அவளுக்கு அரை மணி நேரத்தில் விளங்கியது.

அதைவிட நன்றாக விளங்கியது பழனியில் என் அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் மூன்று நாள் போனபோது. மாமியாரை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் போனேன். இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு போன் வந்தது, "அண்ணி, எப்போ வருவீங்க?" என்று. குரல் கம்மியிருந்தது. நான் அன்று கிளம்பவில்லை, மூன்று நாளும் இருந்துவிட்டுத்தான் வந்தேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

குழுவில் பதில் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒரு வரி போட்டால் பத்து வரி வரும். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வந்து நாலு நாள் இரு என்று மட்டும் சொல்லுங்கள்.

---

நேர்பேச்சு எழுதியது:

பெற்ற தாயைப் பார்ப்பது கடமை. அதற்கு யாரும் மெடல் தர மாட்டார்கள். அம்மா கையில் தடம் விழும்படி இழுத்துவிட்டு இங்கே வந்து ஆறுதல் தேடுவது சரியில்லை. சித்தி கேட்டதில் என்ன தவறு?

---

மாடித்தோட்டம் எழுதியது:

அவர் ஆறுதல் கேட்கவில்லை. என்ன செய்வது என்றுதான் கேட்டிருக்கிறார். கடைசிப் பத்தியை மறுபடி படியுங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

நான் 19 வருடமாகச் செவிலியர், அதில் ஏழு வருடமாக வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கிறேன். நேர்பேச்சு கேட்டதைத் தள்ளிவிட மாட்டேன். சகோதரரே, இரண்டு மணிக்கு நீங்கள் செய்தது தவறு. அதை மாத்திரை மேல் போட்டதும் தவறு. ஆனால் இதைச் செய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்லாத வீட்டில்தான் அது அடுத்த மாதம் மறுபடி நடக்கிறது. நீங்கள் எழுதிவிட்டீர்கள். இனி எழுதியபடியே டாக்டரிடமும் போய்ச் சொல்லுங்கள். வயதானவர்களுக்குத் தோல் மெலிந்துவிடும், மாத்திரையும் சேர்ந்தால் முன்கையிலும் புறங்கையிலும் கருநீலத் திட்டு வரும். மணிக்கட்டைச் சுற்றி விரல் வரிசை வராது. எந்த டாக்டருக்கும் பார்த்ததும் தெரியும். நீங்களே முந்திச் சொன்னால் பேச்சு இரவுத் தூக்கத்தைப் பற்றித் திரும்பும். அங்கேதான் திரும்ப வேண்டும்.

நாலு தடவை எழுந்தார் என்றால் ஏன் எழுந்தார்? மறதி நோய்க்காரர்கள் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், எழுந்து நடப்பார்கள். மலச்சிக்கல் இருக்கலாம். சிறுநீரில் தொற்று இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீரென்று குழப்பம் கூடுவதாக மட்டும் அது வெளிப்படும். பகலில் மூன்று மணி நேரம் தூங்கியிருக்கலாம். சாதாரணமாக இரண்டு தடவை எழுபவர் நாலு தடவை எழ ஆரம்பித்தால் அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், மணிக்கட்டைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். அவர் பார்வையில் நீங்கள் இருட்டில் வந்த யாரோ ஒருவர். பக்கவாட்டில் நின்று உங்கள் உள்ளங்கையை விரித்து அவர் கைக்குக் கீழே நீட்டுங்கள். அவராகவே பிடித்துக்கொள்வார். கதவைத் தட்டினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "வாங்க, கல்லிடைக்குறிச்சிக்குப் போவோம்" என்று வீட்டுக்குள்ளேயே நாலு சுற்று நடத்திக் கூட்டி வாருங்கள். தண்ணீர் கொடுங்கள். பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். உங்களுக்குக் கோபம் ஏறுகிறது என்று தெரிந்தால், அவர் விழாத இடத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, நீங்கள் அறையை விட்டு வெளியே போய் முகம் கழுவுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

பூட்டு இருக்கட்டும். ஆனால் சாவி உங்கள் இடுப்பில் மட்டும் இருக்கக் கூடாது. தீப்பிடித்தால் உங்கள் மகன் எப்படித் திறப்பான்? அவர் கண்ணில் படாத, மற்ற மூன்று பேருக்கும் தெரிந்த இடத்தில் ஒன்று தொங்கட்டும். அவரைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு யாரும் வெளியே போகவே கூடாது.

சோறு போடவில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. சாப்பிட்டது மனதில் பதியவே இல்லை. தங்கையை அடையாளம் கண்டதும் நடிப்பில்லை. பழைய முகம், விருந்தாளியை உபசரிக்கிற பழக்கம் எல்லாம் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியாள் வந்தால் கால் மணி நேரம், அரை மணி நேரம் நன்றாகப் பேசிவிடுவார்கள், அவர் போனதும் அப்படியே தளர்ந்துவிடுவார்கள். வந்தவர் பார்த்தது அந்த அரை மணி நேரம். மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் உங்களுடையது. அதனால் பார்க்க வருகிறவர்களைச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். கிண்ணத்தை அவர்கள் கையில் கொடுத்து ஊட்டச் சொல்லுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு இட்லிக்கு இருபது நிமிடம் ஆவதை அவர்கள் கையே தெரிந்துகொள்ளட்டும்.

தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் குறை சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 1991இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றிக் கட்டுரையே வந்தது, "கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்" என்று இதற்குப் பெயர் வைத்து. கூட இருந்தவர்களும் மருத்துவர்களும் பேசி எடுத்த முடிவை, கடைசி நேரத்தில் வந்து இறங்கிய பிள்ளை கலைத்துப் போடுவதைப் பற்றியது. அந்தப் பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி. அது கோபமாக வெளியே வருகிறது. நான் போகிற வீடுகளில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இதைப் பார்க்கிறேன்.

உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை தருவதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணமும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. உங்களுக்கே மனது தாங்காத இரவில் 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ், அரசு எண்தான், தமிழில் பேசுவார்கள், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். உங்களை மாதிரிக் கவனித்துக்கொள்கிறவர்களும் பேசலாம்.

வாரத்தில் இரண்டு இரவாவது நீங்கள் முழுதாகத் தூங்க வேண்டும். இதை நான் உங்களுக்காகச் சொல்லவில்லை, அம்மாவின் மணிக்கட்டுக்காகச் சொல்கிறேன்.

---

கச்சேரித்தெரு எழுதியது:

கோட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனு என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படாதீர்கள். 2007ஆம் வருடப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி பெற்றோரைக் காக்கிற பொறுப்பு வயதுவந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. கூட இருக்கிறவருக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மனு வந்தால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். அக்கா, அண்ணன் இரண்டு பேருக்கும் அதில் கேள்வி உண்டு. மருந்துச் சீட்டு, ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. நீங்களும் அதில் ஆலோசனை கேட்கலாம்.

---

கடல்தாண்டி எழுதியது:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொருநைக்கரை, நான் உங்கள் அண்ணன் இடத்தில் இருப்பவன். தோஹாவில் பதினாறு வருடம். ஊரில் அப்பாவைத் தம்பிதான் பார்த்தான். பக்கவாதம், வலது பக்கம் முழுதாகப் போய்விட்டது. கணக்குக் கேட்டவன் நான். "என்னடா இவ்வளவு டயப்பர் ஆகுது" என்று போனில் கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஏன் கேட்டேன் தெரியுமா? என்னிடம் கேட்க வேறு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் அப்பா முகம் எட்டு நிமிடம் தெரியும். அந்த எட்டு நிமிடத்தில் தலை சீவாமல் இருந்தால் அதுதான் கண்ணில் படும். போனை வைத்த பிறகு அடுத்த வெள்ளி வரை அந்தத் தலைதான் எனக்குள் ஓடும். அப்பாவுக்காக நான் எதையாவது செய்கிறேன் என்று எனக்கே காட்டிக்கொள்ள, குறை சொல்வது மட்டும்தான் கைக்கெட்டிய வேலையாக இருந்தது. தம்பி எனக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை. அவனைக் குற்றம் சொல்லவில்லை. "நீ அங்க நிம்மதியா இரு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியே பழகிவிட்டான்.

2019இல் தம்பி மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நான் பன்னிரண்டு நாள் லீவில் வந்து அப்பா கூட இருந்தேன். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று தம்பி காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தான். 10, 12, 2, 4, 6. முதல் நாள் சரியாகச் செய்தேன். இரண்டாம் நாள் இரவு பன்னிரண்டு மணிக்குப் புரட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்தவன் எழுந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. தம்பி குனிந்து அப்பா இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே எலும்பு மேல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தான். அழுத்தினால் வெளுத்துத் திரும்பினால் பரவாயில்லை, சிவப்பு அப்படியே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். அது எனக்கு அன்றுதான் தெரியும். வெளுத்தது. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

அவன் திட்டியிருந்தால் எனக்கு உறைத்திருக்காது.

அதனால் உங்கள் அண்ணனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அங்கிருந்தே செய்யக்கூடிய வேலை. நான் தோஹாவிலிருந்தே மாத்திரை தீர்கிற தேதியைக் கணக்கு வைத்து ஆன்லைனில் ஆர்டர் போட ஆரம்பித்தேன். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என் பொறுப்பு. பிறகு, வாரத்தில் நாலு இரவுக்கு ஒரு ஆளைப் போட்டு அதற்குப் பணம் கொடுத்தேன். பொதுவாகப் பணம் அனுப்புவது வேறு, இது வேறு. செவ்வாய்க்கிழமை இரவு தம்பி தூங்குவது என் பணத்தில் என்று எனக்குத் தெரியும். அப்புறம் நான் கணக்குக் கேட்கவில்லை.

அந்த மணிக்கட்டு விஷயத்தையும் அண்ணன், அக்கா இரண்டு பேரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். சித்தி வாயால் வருவதற்கு முன்னால் உங்கள் வாயால் வரட்டும். முதலில் கத்துவார்கள். நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன். ஆனால் தன்னால் முடியவில்லை என்று தம்பி ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருந்தால், நான் 2019 வரை காத்திருந்திருக்க மாட்டேன்.

---

பொருநைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோர் பதிலையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மாடித்தோட்டம் அக்கா, உங்கள் வணக்கத்தைச் சொன்னபோது அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

நேர்பேச்சு, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

டாக்டரிடம் சொன்னேன். நாக்கு எழவில்லை, ஆனாலும் சொன்னேன். அவர் அம்மா கையைப் பார்த்தார், தேதியோடு எழுதிக்கொண்டார். சிறுநீர் சோதித்தால் தொற்று இருந்தது. ஐந்து நாள் மருந்து கொடுத்த பிறகு இரவில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் எழுகிறாள். அந்த நாலு தடவைக்குக் காரணம் இதுதான் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பே நடுங்கியது. அவளுக்கு எரிந்திருக்கிறது, சொல்லத் தெரியவில்லை. அதற்குத்தான் நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

இரண்டாவது சாவி இப்போது காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. நோட்டும் போட்டாயிற்று.

அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக போன் போட்டேன். மணிக்கட்டு விஷயத்தை முதலில் சொன்னேன். அண்ணன் பேசாமல் வைத்துவிட்டான். அடுத்த நாள் அவனாகவே கூப்பிட்டு, ராத்திரிக்கு ஆள் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டான். பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா, ஒரு இரவுக்கு 500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டிருக்கிறார், திங்களும் வியாழனும். முதல் திங்கள் எனக்குத் தூக்கம் வரவில்லை, காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தேன். வியாழன் தூங்கினேன். சித்தி இன்னும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன், வரவில்லை.

அக்கா போனில் அழுதாள், திட்டினாள், "நீயெல்லாம் ஒரு மனுசனா" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. நாலு நாள் வந்து இரு அக்கா என்று மட்டும் சொன்னேன். போன புதன்கிழமை வந்தாள். ராத்திரி நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மாடியில் படுங்கள் என்றாள். சனிக்கிழமை காலை நான் கீழே இறங்கி வந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா தரையில், கட்டில் காலைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நோட்டு விரித்தபடி கிடந்தது. அவள் கையெழுத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"2.10 எழுந்தா. கல்லிடைக்குறிச்சி போகணும்னா. கூடத்துல ஆறு சுத்து நடந்தோம். தண்ணி குடிச்சா. மறுபடி கதவைத் தட்டினா. 3.25க்குப் படுத்தா. நான் கத்திட்டேன்."

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள்.